மூன்று வாரம் என்று சொல்லி ஒன்பது வாரத்தில் கிடைத்த தூண்டில் தடி

கொழும்பு கொச்சிக்கடையில், பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் இருந்து நடந்து போகும் தூரத்தில், ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது அந்தக் கடை. பலகையில் மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, கிரைண்டர் மோட்டார்களுக்குக் காயில் சுற்றித் தரப்படும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. தூண்டில் தடி பற்றி எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை. முதல் நாள் நான் இரண்டு முறை அதைக் கடந்து போய்விட்டேன். மூன்றாம் முறை, கழற்றிப் போட்ட மின்விசிறிகளுக்குப் பின்னால் கூரையில் இருந்து தொங்கிய ஏழெட்டுத் தடிகளைக் கண்ட பிறகுதான் உள்ளே நுழைந்தேன்.

கடைக்காரரை எல்லோரும் நானா என்றே அழைக்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும். வாலிபத்தில் இருந்தே செப்புக்கம்பி சுற்றிய விரல்கள். தூண்டில் தடி கட்டுவதும் பாதிக்கு மேல் சுற்றுகிற வேலைதான்: கார்பன் தடியில் தூண்டில் நூல் ஓடும் வளையங்களை வைத்து, அவற்றின் கால்களை மெல்லிய நைலோன் நூலால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நெருக்கிச் சுற்றி, அதன் மேல் எபொக்சி பூச வேண்டும். மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக் காயவைத்த மனிதருக்கு இது புதிய ஊரல்ல, பக்கத்து ஒழுங்கை.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்தொரு வயது. முப்பது ஆண்டுகள் படவரைஞராக மேசையில் குனிந்து கோடு கீறியவன். வலது தோள் இறுகிப் போய், கை காதுக்கு மேல் உயராது. வெள்ளவத்தையில் ரெயில் பாதையைக் கடந்து பாறைகளில் நின்று தூண்டில் போடுவது ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே ஒழுங்கான பழக்கம். கடைகளில் விற்கும் கடற்கரைத் தடிகளின் பிடியோ ஆறடி இளைஞனுக்கு அளந்தது. நான் ஐந்தடி நான்கு அங்குலம். அடிக்கட்டை விலாவில் இடிக்கும், ரீல் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். பத்து வீச்சுக்குள் தோள் வலிக்கத் தொடங்கிவிடும். வைத்தியர் தூண்டிலை விடச் சொன்னார். நான் தடியை மாற்ற முடிவு செய்தேன்.

அதற்கு முன் நானே ஒன்று கட்டிப் பார்த்த கதையும் இருக்கிறது. கனடாவில் இருந்து வந்த மருமகன், பிளாங்க் எனப்படும் வெறுந்தடி ஒன்றையும் வளையங்களையும் கொண்டுவந்து தந்தான். அட்டைப்பெட்டியின் இரு பக்கத்திலும் கத்தியால் வெட்டுப் போட்டுத் தடியைக் கிடத்தி, நூலுக்கு இறுக்கம் வர அதைத் தடித்த அகராதி ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே விட்டு, மேலே அம்மிக்குழவியை வைத்து, இரண்டு இரவு சுற்றினேன். சுற்றல் அவ்வளவு மோசமில்லை. எபொக்சியில்தான் விழுந்தேன். பிசினையும் இறுக்கியையும் சரிசமமாகக் கலக்க வேண்டும். நான் கண்மட்டத்தில் ஊற்றினேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. நான்கு எறும்பும் ஒரு நுளம்பும் இன்றும் அந்தத் தடியில் இருக்கின்றன. மனைவி அதன் நுனியில் துணி கட்டி ஒட்டடை அடிக்கிறாள். ஆகவே, இந்த வேலையில் எது கடினம் என்று ஓரளவு தெரிந்துகொண்டுதான் நானாவிடம் போனேன்.

போனதும் அவர் தடி எதையும் எடுத்துக் காட்டவில்லை. ஒரு தும்புத்தடியை எடுத்து, அதில் பழைய ரீல் ஒன்றைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டி, “வீசுங்கள் ஐயா” என்றார். ஒழுங்கையில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, நூல் இல்லாத தும்புத்தடியை வீசினேன். அவர் ரீலை ஒவ்வொரு விரற்கடையாகக் கீழே நகர்த்தினார். மறுபடி வீசச் சொன்னார். தோள் எங்கே பிடிக்கிறது என்று கேட்டார். இருபது நிமிடம் இது நடந்தது. கடைசியில், அடிக்கட்டையில் இருந்து ரீலின் கால் வரை 41 சென்றிமீற்றர் என்று சுவரில் சோக்கால் எழுதினார். என்னிடம் இருந்த கடைத் தடியை வீட்டுக்கு வந்து அளந்தேன்: 55. அந்தப் பதினான்கு சென்றிமீற்றரைத்தான் என் தோள் இரண்டு ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறது.

அதன் பிறகுதான் தடியைப் பற்றிய பேச்சு. நான் வாசித்து வைத்திருந்த பெருமையில் மிக விறைப்பான உயர்தரக் கார்பன் வேண்டும் என்றேன். அவர் சிரிக்காமல் மறுத்தார். கார்பன் விறைக்க விறைக்கத் தடி இலேசாகும், மீன் தொடுவது கைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓர் அடி பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகு ஒருநாள் பாரமான மீன் வரும்போது அந்த இடத்தில் முறியும். “நீங்கள் நிற்பது பாறையில் ஐயா, படகில் அல்ல” என்றார். நடுத்தர விறைப்பில், எட்டரை அடியில், 15 முதல் 40 கிராம் வரை எடையுள்ள செயற்கை இரையை வீசக்கூடிய, இரண்டாகக் கழற்றும் பிளாங்கை அவரே தெரிவு செய்தார். இரண்டாகக் கழன்றால் ஒரு துண்டு நாலேகால் அடிதான். பஸ்ஸில் கொண்டுபோகும்போது கண்டக்டரிடம் ஏச்சு வாங்க வேண்டியதில்லை.

பிடிக்குத் தக்கை மரம் நல்லது என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. போர்த்துக்கல்லில் விளைவது, கைக்குச் சூடும் குளிரும் தெரியாது. நானா ஒரு பழைய தடியின் தக்கைப் பிடியைக் காட்டினார். பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. கொழும்பின் ஈரக்காற்றில், வியர்வையும் உப்பும் சேர்ந்து, அப்படித்தான் ஆகும் என்றார். கறுப்பு நுரைப்பிடிக்குச் சம்மதித்தேன். அந்த நுரையின் துளையைத் தடியின் சரிவுக்கு ஏற்பக் குடைய அவர் வைத்திருக்கும் கருவியையும் பார்த்தேன்: முறிந்த தடி ஒன்றின் மேல் உப்புத்தாளைச் சுருளாக ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

விலை இப்படி: பிளாங்க் 17,500 ரூபா. ஃபூஜி நிறுவனத்தின் வளையத் தொகுதி 14,000. ரீல் பூட்டும் சீட்டும் பிடியும் 4,000. கூலி 8,000. ஆக 43,500. முற்பணம் இருபதாயிரம் கொடுத்தேன். ரசீது கேட்டபோது, நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். கடையில் ஒரு நல்ல தடியை இதில் பாதி விலைக்கு வாங்கலாம் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. மனைவியிடம் மட்டும் ஒளித்தேன். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டிப் போனபோது, இறக்குமதியாகும் இந்தச் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. இறங்கும்போது கூடவே இறங்கவில்லை.

மூன்று வாரம் என்றார். அது செப்டெம்பர் கடைசி. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். நவம்பர் முதல் நாள் தடி கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நான்காம் வாரம் போனேன்: வளையம் வரவில்லை. ஐந்தாம் வாரம்: வளையம் வந்துவிட்டது, உறவினர் வீட்டில் கல்யாணம். ஆறாம் வாரம்: கல்யாணம் முடிந்துவிட்டது, எபொக்சியின் இறுக்கி பழசாகி மஞ்சளித்துவிட்டது, புதியது வர வேண்டும். மூன்றுமே உண்மை என்றுதான் நம்புகிறேன். ஆனால் தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளவத்தையில் இருந்து மூன்று முறை பஸ் ஏறியிருக்க மாட்டேன். இந்தக் கடையின் பெரிய குறை இதுதான். நாள் சொல்வதில் நானா அரசியல்வாதி.

ஏழாம் வாரம் அவராகவே அழைத்தார். நூல் சுற்றியாயிற்று, எபொக்சி இன்னும் பூசவில்லை, வந்து பார்க்கச் சொன்னார். இதை எந்தக் கடையும் செய்யாது. பூசிய பிறகு வளையத்தை அசைக்க முடியாது. நூல் மட்டும் இருக்கும்போது கட்டைவிரலால் தள்ளி நேராக்கலாம். தடியைக் கண்ணோடு வைத்து அடியில் இருந்து நுனி வரை பார்த்தேன். கோடு பார்ப்பது என் தொழில். நான்காவது வளையம் ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தள்ளினார். அன்று எனக்குத் தேநீர் வந்தது.

அன்றே மற்ற வேலைகளையும் விளக்கினார். பிளாங்கைச் சுருட்டும்போது ஒரு பக்கம் கார்பன் துணி சற்றே தடித்து விழும். நுனியை மேசையில் ஊன்றி, நடுவில் அழுத்தி உருட்டினால், ஓரிடத்தில் தடி துள்ளி நின்றுகொள்ளும். அதை முதுகெலும்பு என்று சொல்லி அதன்படிதான் வளையம் வைக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். நானா அதைப் பெரிதாக எடுப்பதில்லை. தடியின் இயல்பான வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்து, நேராகத் தெரியும் பக்கத்தில் வைக்கிறார். படவரைஞனாக நான் அவர் பக்கம்.

வளையங்கள் எங்கே வர வேண்டும் என்பதற்கும் அவரிடம் அட்டவணை இல்லை. தடியைச் சுவரில் பொருத்தி, வளையங்களை ரப்பர் பட்டியால் தற்காலிகமாகக் கட்டி, நூலைக் கோத்து, நூலின் முனையில் 1.5 லீட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுகிறார். தடி வளைகிறது. நூல் அந்த வளைவோடு ஒட்டிப் போக வேண்டும். எங்காவது குறுக்கே வெட்டிப் போனால் அங்கே வளையத்தை நகர்த்துகிறார். ரீலுக்கு அருகில் 30 ஆம் எண் வளையம், அடுத்தது 20, பிறகு படிப்படியாகச் சிறுத்து நுனியில் 8. ரீலில் இருந்து சுருள் சுருளாகக் கிளம்பும் நூலை முதல் பெரிய வளையம் பிடித்து அடக்க, மற்றவை நேராக்கி அனுப்புகின்றன. என் தடியில் நுனியோடு சேர்த்து எட்டு வளையம். கடைத் தடியில் ஆறுதான் இருந்தது.

போலி வளையம் பற்றியும் எச்சரித்தார். பெட்டியில் ஃபூஜி என்று எழுதியிருப்பதெல்லாம் ஃபூஜி ஆகாது. உள்ளே இருக்கும் சிலிக்கன் கார்பைட் வளையத்தில் மெல்லிய வெடிப்பு இருந்தால் பின்னல் நூலை அறுத்துவிடும். சோதிக்கப் பஞ்சுத்துண்டு போதும்: வளையத்துக்குள் விட்டுச் சுற்றி இழுத்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் ஓர் இழை சிக்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து என்னிடம் இருந்த பழைய தடிகள் மூன்றையும் சோதித்தேன். ஒன்றின் நுனி வளையத்தில் பஞ்சு சிக்கியது. போன ஆண்டு இரண்டு நல்ல இரைகள் ஏன் அறுந்து போயின என்பது அப்போது விளங்கியது. கடலில் போன சாமானுக்குக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எபொக்சி பூசிய தடி காயும்வரை மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம் துளியாகத் திரளும். நானா இதற்குப் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறிய மோட்டாரை வைத்திருக்கிறார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது, ஒரு தடி பாதி காய்ந்த நிலையில் மாட்டிக்கொண்டதாம். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவரும் மகனுமாக மாறி மாறி, சில நிமிடத்துக்கு ஒரு முறை கால்வாசி திருப்பியபடி, நள்ளிரவு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது பற்றரியில் ஓடும் இன்னொரு மோட்டாரும் கட்டி வைத்திருக்கிறார். குமிழி உடைக்க ஸ்பிரிட் விளக்கு, கலக்கும் அளவுக்கு இரண்டு ஊசிக்குழாய். பிசினுக்கு நீலக்குறி, இறுக்கிக்கு சிவப்பு. என் எறும்புகள் நினைவுக்கு வந்தன.

இனி நிறத்தில் வந்த தகராறு. கரும்பச்சை கேட்டேன், ஓரத்தில் கடுகு மஞ்சள். ஏழாம் வாரம் பார்த்தபோது வாழையிலைப் பச்சைக்குச் சற்றுக் கருமையாக, மிக அழகாக இருந்தது. ஒன்பதாம் வாரம், டிசம்பர் முதல் கிழமை, முடிந்த தடியைக் கையில் வாங்கினால் ஏறக்குறையக் கறுப்பு. மஞ்சள் வெந்தயம் போல மங்கியிருந்தது. நைலோன் நூல் எபொக்சியைக் குடித்தால், நனைந்த துணி போல ஒளி ஊடுருவி, கீழே இருக்கும் கறுப்புத் தடியைக் காட்டிவிடும். இதைத் தடுக்க நூலின் மேல் முதலில் பூசும் நிறங்காக்கி ஒன்று இருக்கிறது. அவர் பூசவில்லை. கேட்டால், “அதைப் பூசினால் எபொக்சி நூலுக்குள் இறங்காது ஐயா, கட்டு பலமிழக்கும்” என்றார். தடி கட்டுபவர்களுக்குள் இது நெடுநாளாக நடக்கும் வாதம் என்பது எனக்கும் தெரியும். என் வருத்தம் வேறு: ஏழாம் வாரமே சொல்லியிருக்கலாம் அல்லவா? பச்சை நூலைப் பார்த்து நான் பூரித்து நின்றபோது அவர் பேசாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூலியில் ஆயிரம் ரூபா குறைத்தார். வாங்கிக்கொண்டேன். வெயிலில் பிடித்தால் மட்டும் பச்சை தெரிகிறது. அதற்கு ஆயிரம் ரூபா சரி.

தடி எப்படி? முதல் நாள் காலை ஆறரைக்குப் பாறையில் நின்று 28 கிராம் உலோக இரையைக் கட்டி வீசினேன். கை காதுக்கு மேல் போகவில்லை, போக வேண்டிய தேவையும் வரவில்லை. குட்டைப் பிடி விலாவை உரசாமல் சுழன்றது. இடுப்பில் இருந்து பக்கவாட்டாக வீசினாலும் இரை பழைய தடியை விடத் தூரம் போனது. எவ்வளவு தூரம் என்று அளக்கவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞன் தலையைத் திருப்பிப் பார்த்தான், அது எனக்குப் போதும். நாற்பது வீச்சுக்குப் பிறகும் தோள் பேசவில்லை. மீனும் வரவில்லை. இரண்டாம் நாளும் வெறுங்கை. மூன்றாம் நாள், பின்னால் ரெயில் இரைந்து போன நேரத்தில், ஒரு பாரை மீன் அடித்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நுனி வளைந்து கொடுத்து, நடுத்தடி பிடித்து நிறுத்தி, அடித்தடி தூக்கியது. மூன்றும் தனித்தனியாகக் கைக்குத் தெரிந்தன. அன்று மனைவி விலையைக் கேட்டாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் உண்மையைச் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு சோதனை வந்தது. முச்சக்கரவண்டியில் ஏறும்போது நுனி வளையம் கம்பியில் இடித்துக் கோணியது. நானாவிடம் கொண்டுபோனேன். நுனி வளையத்தை மட்டும் அவர் எபொக்சியால் ஒட்டுவதில்லை, சூட்டில் இளகும் பசையால் ஒட்டுகிறார். லைட்டரை மெல்லக் காட்டினார், கழன்றது, புதியதை ஏற்றினார். ஐந்து நிமிடம். பணம் வாங்கவில்லை. இரண்டு அறிவுரை மட்டும் தந்தார். கடலில் இருந்து வந்ததும் வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும், துருப்பிடிக்காத உருக்கு என்றாலும் உப்புக்கு அது உருக்குத்தான். மற்றது, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி முழங்கினால் தடியை மடக்கிவிட வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த பாறையில் எட்டரை அடிக் கார்பனைத் தூக்கிப் பிடித்து நிற்பது இடிதாங்கியாக நிற்பதுதான். மின்சாரம் பற்றி மோட்டார் கட்டுபவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யார் இங்கே போகத் தேவையில்லை என்றும் சொல்கிறேன். தங்கூசியைக் கையில் பிடித்துக் கைத்தூண்டில் போடுகிறவருக்கு இது வீண் செலவு. இந்த மாதம்தான் தொடங்கப் போகிறேன் என்பவர் முதலில் மலிவான தடி ஒன்றை வாங்கி, தன் கைக்கு என்ன ஒத்துவரவில்லை என்று கண்டுகொண்டு போகலாம். இல்லாவிட்டால் தும்புத்தடியை வீசும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. நாளைக்கே வேண்டும் என்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடிக்கு மேல் நானா எடுப்பதில்லை. இதையே முழுத் தொழிலாக்கினால் என்ன என்று கேட்டேன். மின்விசிறிகளைக் காட்டினார். அவைதான் வீட்டு வாடகையைக் கட்டுகின்றனவாம்.

போன வாரம் மீண்டும் போய் இன்னொரு தடிக்கு முற்பணம் கொடுத்தேன். ஒன்பது வயதுப் பேத்திக்கு, ஐந்தடியில், இளஞ்சிவப்பு நூலோடு. இந்த முறை நிறங்காக்கி பூசுவதாக நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் என்றார். பேத்தியிடம் ஏப்ரல் விடுமுறைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.